ஆப்பிடம் சொல்லிவிட்டேன், அப்புறமும் மேடம் எதற்கு?

உங்களைப் போன்ற மனநல கவுன்சிலர்களுக்கு மனநல ஆப் என்றாலே ஏன் ஆகாது? (மாணவர், காரைக்குடி)

எல்லோருக்கும் அப்படி இல்லை. நானும் ஒரு காலத்தில் மூஞ்சியைச் சுளித்தவள்தான். பிழைப்பு போய்விடுமோ என்ற பயமும் கொஞ்சம் உண்டு, பொய் சொல்வானேன்? ஆனால் பெரிய பயம் வேறு. நடுராத்திரியில் ஒரு பிள்ளை ‘இருக்கவே பிடிக்கவில்லை’ என்று தட்டினால், அதை அந்தப் பக்கம் படிப்பதற்கு ஒரு மனுஷர் இருக்கிறாரா என்பதுதான். மற்றபடி, வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் வருபவருக்கு மீதி ஆறு நாளும் இருக்கிறதே! நினைப்பையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையில் வீட்டுப்பாடம் உண்டு: எந்த நேரத்தில் என்ன நினைப்பு வந்தது, அப்போது என்ன செய்தேன் என்று எழுதிவர வேண்டும். தாளில் கொடுத்தால் தேவகோட்டை பஸ்ஸிலேயே தொலைத்துவிட்டு வருவார்கள். போனில் என்றால் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த மட்டுக்கு எனக்கு ஆப் சம்மதம்.

வீட்டில் மனம்விட்டுப் பேச இடமில்லை. ஆப்பில் எழுதுவது தப்பா? (மாணவி, பள்ளத்தூர்)

தப்பே இல்லை. நம்மூர் வீட்டில் எத்தனை அறை இருந்து என்ன, வளவு முற்றத்தில் நின்று போன் பேசினால் பின்கட்டில் இருக்கும் அப்பத்தாவுக்குக் கேட்டுவிடும்! சத்தமில்லாமல் எழுத முடிகிறது என்பதே உங்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் ஆப் வீட்டுக்காரர்களிடமிருந்து மறைக்குமே தவிர, கம்பெனியிடமிருந்து மறைக்காது. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்றவற்றுக்குக் கொடுத்ததாகப் புகார் எழுந்து, 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதனால் சொந்தப் பெயர், கல்லூரிப் பெயர் எதுவும் போடாதீர்கள். எழுதியதை அழிக்க வழியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பத்தே நாளில் அலுத்துவிட்டது. என்னிடம்தான் கோளாறா? (மாணவர், திருப்பத்தூர்)

இல்லை. 93 மனநல ஆப்களை எடுத்துப் பார்த்த 2019 ஆய்வு ஒன்றில், இறக்கியவர்களில் 15 நாளுக்குப் பிறகும் திறந்து பார்த்தவர்கள் சுமார் 4 சதவீதம்தான். ‘போன வாரம் எழுதியதைக் காட்டு’ என்று கேட்க ஆள் இருந்தால் கொஞ்சம் நீடிக்கும்.

ஆப்பில் பி.எச்.க்யூ-9 என்ற டிப்ரெஷன் கேள்வித்தாளைப் போட்டேன், 17 வந்தது. எனக்கு டிப்ரெஷனா? (மாணவி, தேவகோட்டை)

27க்கு 17 என்றால் லேசாக விடக்கூடிய எண் இல்லை, ஒரு டாக்டரையோ கவுன்சிலரையோ சீக்கிரம் பாருங்கள். ஆனால் அது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள்தான். டிப்ரெஷனா இல்லையா என்பதை நேரில் பேசித்தான் சொல்ல முடியும். தைராய்டு குறைந்தாலும் இதேபோல் சோர்வு வரும். மொத்த எண்ணைவிட நான் முதலில் பார்ப்பது ஒன்பதாவது கேள்வியைத்தான், சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியும் கேட்பது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது போட்டிருந்தாலும் ஆப்பை மூடிவிட்டு 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டுக்குள் முடியாவிட்டால் தெருத் திண்ணைக்கு வந்தாவது பேசுங்கள்.