குளவி கொட்டினால் புழு குளவியாகுமா?

கேள்வி (மன்னார்குடி): கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டி, பச்சைப் புழுவைக் கொண்டுபோய் அடைக்கிறது. கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்கிறார் மாமியார். நிஜமா சார்?

மாமியார் சொன்னதில் பாதி சரி. கொட்டுவது நிஜம், மாறுவதுதான் இல்லை. அந்தப் புழு, குளவிக் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. கொட்டியதும் புழு சாகாது, முடங்கிக் கிடக்கும். செத்தால் அழுகிவிடுமே! கூட்டுக்குள் முட்டையும் வைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டுத் தாய்க்குளவி போய்விடும். குஞ்சு சோற்றைத் தின்று வளர்ந்து, றெக்கையோடு மண்ணைத் துளைத்து வரும். உள்ளே போனது புழு, வந்தது குளவி. பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஒருமுறை எங்கள் ஜன்னலில் ஈரம் காயாத கூடு ஒன்று கைபட்டு உடைந்தது. உள்ளே ஏழு புழு, நெருக்கியடித்து. ஈர்க்குச்சியால் தொட்டேன், ஒன்று மட்டும் வால் பக்கம் லேசாக நெளிந்தது. நூல் போல இடுப்புள்ள கறுப்பு மஞ்சள் குளவியின் கூடு என்றால், புழுவுக்குப் பதில் சிலந்தி இருக்கும்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): வைக்கோல் போர் ஓரம் நல்லபாம்பும் சாரையும் பிணைந்து ஆடின. அப்பா புது வேட்டி எடுக்க ஓடினார். சாரை, நல்லபாம்பின் பெட்டைதானே?

இல்லை. இரண்டும் வேறு வேறு இனம், ஒவ்வொன்றிலும் ஆண் பெண் உண்டு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தமாக இருக்கும். எதிராளியின் தலையைத் தரையோடு அழுத்தப் பார்க்கும், கடித்துக்கொள்ளாது. சாரைக்கு விஷமும் இல்லை. வரப்பைக் குடையும் எலியை வளைக்குள்ளேயே போய்ப் பிடிக்கும். வேட்டி போர்த்துவது அப்பா இஷ்டம். ஆட்டம் அதோடு நின்றுவிடும், அவ்வளவுதான்.

கேள்வி (கும்பகோணம்): நந்தியாவட்டையை விரல் தடிமன் பச்சைப் புழு மொட்டையடிக்கிறது. தொட்டால் இரண்டு நீலக் கண்ணால் முறைக்கிறது! கடிக்குமா?

கடிக்காது. அது கண்ணே இல்லை, வெறும் பொட்டு. நிஜத் தலை சின்னது; பயந்தால் அதை உள்ளே இழுத்து உடம்பை உப்பவைக்கும். அரளியின் பாலையும் சட்டை செய்யாது. கடைசியில் பழுப்பாகிச் சருகுக்குள் இறங்கி, பச்சை அந்துப்பூச்சியாக வரும். மருந்து அடிக்காதீர்கள், செடி தழைத்துக்கொள்ளும்.

கேள்வி (வேதாரண்யம்): வேலியில் படர்ந்த செங்காந்தளின் கிழங்கை வேகவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அதில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. மாநில மலர், பூவைப் பாருங்கள். இலை நுனியே சுருண்டு வேலியைப் பிடித்திருப்பதையும் பாருங்கள். மண்ணைக் கொத்தும்போது கிழங்கு பிள்ளைகள் கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.