கேள்விக்குப் பத்து நிமிடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூரில் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் ஒருநாள் கூட்டம் நடத்துகிறோம். இம்முறை அதை இரண்டு நாள் மாநாடாக்குகிறோம். நான்கு அறைகள், 120 கட்டுரைகள். ‘தேசிய’ என்று போடுவதா, ‘சர்வதேச’ என்றா? கட்டுரைகளைத் தொகுக்கும் மலரை மாநாட்டன்றே வெளியிடலாமா?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

பெயர் உங்கள் இஷ்டம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டினாலே சர்வதேசம் ஆகிவிடுகிறது இப்போது. கைக்காசு போட்டு இதை இத்தனை ஆண்டு இழுத்து வந்தவரைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் அந்த 120 விடமாட்டேன் என்கிறது.

கணக்குப் போட்டீர்களா? பேச 15 நிமிடம், கேள்விக்கு 10, ஆள் மாற 5. துவக்க விழா, சிறப்புரை, சாப்பாடு போக நாளொன்றுக்கு நாலரை மணி நேரம் மிஞ்சும். அறைக்கு 9 கட்டுரை, நான்கு அறைக்கு 36, இரண்டு நாளில் 72. நூற்றிருபதையும் திணித்தால் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 18 நிமிடம். குத்துவிளக்கும் பொன்னாடையும் அதிலும் கைவைக்கும். “மேடம், சீக்கிரம் முடிச்சிக்கோங்க” என்பார் அறைத்தலைவர். முதலில் சாவது கேள்வி நேரம்.

அது செத்தால் என்ன என்கிறீர்களா? ‘புக்கு’, ‘பஸ்ஸு’ என்று கடைசியில் ஒட்டும் உகரத்தைப் போக்க ஒருவர் பயிற்சி காட்டுகிறார். வாணியம்பாடிக்காரர் எழுந்து, “என் பிள்ளைகள் வீட்டில் உருது. அவர்களுக்குச் சொல்லின் முன்னால் இகரம் வந்து ‘இஸ்கூல்’ ஆகிறதே?” என்கிறார். “பாம்பு மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கவிட்டு, மூச்சு விடாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். திங்கட்கிழமை வகுப்புக்கு எடுத்துப்போக அதுதான் மிஞ்சும். ஸ்லைடில் இருப்பதை வீட்டிலேயே படித்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் 1967ல் தொடங்கிய ஐயாட்டெஃபிள் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் உச்சரிப்பு, தேர்வு, சிறுவர் வகுப்பு என்று தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து வளர்ந்தது. 1974ல் சென்னையில் பிறந்த எல்டாய் என்ற இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கத்துக்கு ஊர்தோறும் கிளைகள். நீங்களும் அறைக்கு ஒரு பொருள் வையுங்கள். மிஞ்சும் 48 கட்டுரைகளை சார்ட்டில் எழுதி வராந்தாவில் ஒட்டலாம்: நாளுக்கு 24, சாப்பாட்டு நேரத்திலேயே அரை மணி, எழுதியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்லைடுகளை முதல்நாள் மாலையே அந்தந்த அறைக் கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் கடைசி அமர்வு முடிந்த பிறகுதான். மதியமே கொடுத்தால் பாதிப் பேர் பிரியாணியை முடித்துக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனில் இருப்பார்கள்.

மலர் அன்றே வேண்டாம். கேள்வி வாங்கியவர்கள் திருத்தித் தர மூன்று வாரமாவது கொடுங்கள்.