கேட்கும் படங்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ‘கொட்டுக்காளி’ படத்தில் பின்னணி இசை இல்லாததைப் பாராட்டி நீங்கள் எழுதிய பத்தியைப் படித்தேன். அந்தப் படத்தை வெளியான வாரத்திலேயே, கல்லூரியில் படிக்கும் என் மகனோடு திரையரங்கில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இருவருக்குமே பொறுமை போய்விட்டது. பல இடங்களில் பேசுவதே காதில் விழவில்லை. “மியூசிக் போட மறந்துட்டாங்களா?” என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, அரங்கமே சிரித்தது. ஆனால் அதே பத்தியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் உச்சக்காட்சியில் வரும் பாட்டையும் புகழ்ந்திருக்கிறீர்கள். அப்படியானால் படத்துக்கு இசை வேண்டுமா, வேண்டாமா? பேய்ப்படம், பிரம்மாண்டப் படம் போன்றவற்றையெல்லாம் நீங்கள் பார்ப்பதுண்டா? அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி, ஆய்வாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மனத்தில் பட்டதை எழுதுங்கள். மகனோடு அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நான் எல்லா வகைப் படங்களையும் பார்க்கிறவன். பேய்ப்படம் என்றால் இரவுக் காட்சிக்குத்தான் போவேன். கடந்த சில மாதங்களில் அரங்கிலும் வீட்டிலுமாகப் பார்த்தவற்றில் ஒரு நீதிமன்றப் படமும், ஒரு வதைமுகாம் படமும், மலையாளப் படங்கள் இரண்டும், ராட்சத விலங்கு ஒன்று நகரத்தை மிதித்து நசுக்கும் ஜப்பானியப் படமும், டோக்கியோவில் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் ஒருவரைப் பற்றிய படமும் நினைவில் நிற்கின்றன. உங்கள் கேள்வியோடு இவற்றைத் திரும்ப எண்ணிப் பார்த்தபோது, எனக்குப் பிடித்தவற்றின் இயக்குநர்கள் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு காட்சியை நாம் யாருடைய காதால் கேட்கிறோம் என்பதை அவர்கள் முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள். இசையைச் சேர்ப்பதும் விடுவதும் அதற்குப் பிறகு வருகிற வேலை.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யையே (2024) எடுத்துக்கொள்ளுங்கள். வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, அவள் குடும்பமும் முறைமாமன் குடும்பமும் சேர்ந்து ஆட்டோவிலும் பைக்கிலுமாக அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகின்றன. மீனாவாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது; கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு கரகரத்த குரலில் சூரி அதட்டுகிறார். பேச மறுக்கும் ஒருத்திக்கும் குரல் எழும்பாமல் கத்தும் ஒருவனுக்கும் நடுவில் ஆட்டோவின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் நமக்குக் கேட்பதில்லை. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு திரைப்பாட்டு ஓடுகிறது. மீனா தன்னை மறந்து அதை முணுமுணுக்கிறாள். அது காதில் விழுந்த நொடியில் பாண்டிக்கு வெறியேறி அவளையும் உடன் வந்தவர்களையும் அடிக்கத் தொடங்குகிறான். படம் தொடக்கத்திலிருந்தே வயலின்களோடு ஓடிக்கொண்டிருந்தால் அந்த முணுமுணுப்பு நம் காதில் பட்டிருக்குமா என்பது ஐயமே. அதுவரை இசையே கேளாமல் இருந்த நாமும் அவனைப் போலவே சட்டென்று திரும்புகிறோம். அந்த இடத்தில் நம் காது அவன் காதாகிவிடுகிறது என்பதுதான் வினோத்ராஜ் பார்வையாளருக்குத் தரும் தண்டனை.

ஆனால் பேச்சே காதில் விழவில்லை என்று நீங்கள் சொல்வதற்குப் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒலிக்கலவைக் கூடத்தில் டால்பி கருவியின் அளவை 7-இல் வைத்துக்கொண்டுதான் ஒவ்வோர் ஒலியையும் சமன் செய்கிறார்கள். அரங்கிலும் அதே 7-இல் ஓட்டினால், கலவை செய்தவர் கேட்டதையே நாமும் கேட்போம். நம் ஊர்களில் பல அரங்குகள் அதை 5-க்கோ அதற்கும் கீழேயோ இறக்கி வைத்திருக்கின்றன. பெரிய படங்களின் இரைச்சலைத் தாங்காமல் பார்வையாளர்கள் முறையிடுவதால் ஆபரேட்டர் குறைக்கிறார். ஆபரேட்டர் குறைப்பார் என்று தெரிந்தே அடுத்த படத்தில் எல்லா ஒலியையும் இன்னும் ஏற்றிக் கலக்கிறார்கள். அதனால் அளவு மேலும் இறங்குகிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது இந்தப் போட்டி எந்த எல்லைக்குப் போயிருக்கிறது என்று ஊருக்கே தெரிந்தது. ஒலியை இரண்டு புள்ளி குறைக்குமாறு தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒலிக்கலைக்காக ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டியும் இந்தச் சத்தப் போட்டியைக் குறித்து வெளிப்படையாக வருந்தினார். இரைச்சல் படங்களுக்காக இறக்கி வைத்த அளவிலேயே ‘கொட்டுக்காளி’யையும் ஓட்டினால், அதில் மூச்சும் செருப்பொலியும் எங்கே கேட்கும்? உங்கள் பின்வரிசைக்காரர் கேட்ட கேள்விக்கு உரியவர் படத்தை ஓட்டியவர் என்றே எனக்குப் படுகிறது.

ஜஸ்டின் ட்ரியே இயக்கி, 2023-இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ பிரெஞ்சுப் படத்தை இந்த வரிசையில் முதலில் வைப்பேன். பனிமலை வீடு ஒன்றின் மேல்மாடியிலிருந்து விழுந்து கணவன் இறந்துகிடக்கிறான். அவன் தானாக விழுந்தானா, எழுத்தாளரான மனைவி தள்ளிவிட்டாளா என்பதுதான் வழக்கு. முதல் காட்சியில் அவள் கீழே ஒரு மாணவிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். மேலே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கணவன் ஒரே பாட்டின் வாத்திய வடிவத்தைக் காது கிழியும்படி திரும்பத் திரும்ப ஓடவிடுகிறான், பேட்டி நின்றுபோகிறது. அந்த மனிதனை நாம் உயிரோடு பார்ப்பதற்கு முன் அவனுடைய எரிச்சலைக் கேட்டுவிடுகிறோம். பிறகு அந்தப் பாட்டே நீதிமன்றத்தில் விவாதப் பொருளாகிறது. பார்வைக் குறைபாடுள்ள மகன், பெற்றோர் அமைதியாகப் பேசிக்கொண்டிருந்ததை வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டதாகச் சொல்ல, காவல்துறை அதே பாட்டை அதே சத்தத்தில் ஓடவிட்டு, அவனை அங்கேயே நிறுத்திச் சோதித்துப் பார்க்கிறது. கேட்கவில்லை.

இதையெல்லாம் விட ஒரு காட்சி என்னைப் பிடித்துக்கொண்டது. இறப்பதற்கு முதல்நாள் கணவன் ரகசியமாகப் பதிவு செய்த சண்டையை நீதிமன்றத்தில் ஓடவிடுகிறார்கள். திரை நம்மை அந்தச் சமையலறைக்கே கொண்டுபோய், இருவரும் வாதிடுவதை முகத்துக்கு நேரே காட்டுகிறது. பேச்சு முற்றிக் கைகலப்பாகும் கணத்தில் படம் நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறது. உடையும் ஓசையும் அடி விழும் ஓசையும் மட்டுமே மிஞ்சுகின்றன. யார் யாரை அடித்தார் என்று நீதிபதிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். கடைசியில் தீர்ப்பு வந்த பிறகும் நாம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

ஜானதன் கிளேசரின் ‘த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ (2023) இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸ் முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் மனைவி மக்களோடு வாழ்கிறான். தோட்டம் இருக்கிறது, நீச்சல் தொட்டி இருக்கிறது, பூக்களின் பெயரைக் குழந்தைக்குச் சொல்லித் தரும் தாய் இருக்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நடப்பதை ஒருமுறை கூடக் காட்டுவதில்லை. துப்பாக்கிச் சத்தம், நாய்களின் குரைப்பு, கூக்குரல், உலைகளின் ஓயாத உறுமல் எல்லாம் காற்றில் வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டிலுள்ளவர்கள் அவை எதையும் கேட்பதில்லை, அல்லது கேட்டுப் பழகிவிட்டார்கள். ஒலியமைத்த ஜானி பர்ன் இந்த ஒலிகளுக்காகவே சாட்சியங்களைத் தேடிப் படித்து ஒரு பெரிய ஆவணம் தயாரித்தார். 2024-இல் அவருக்கும் டார்ன் வில்லர்ஸுக்கும் சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் கிடைத்தது. விருந்தாளியாக வந்த மாமியார் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுகிறாள். அந்த வீட்டில் காது மரத்துப்போகாத ஒருத்தி அவள்தான் என்று எண்ணினேன்; ஆனால் அவளும் கண்டிக்கவில்லை, விலகிப் போனாள், அவ்வளவுதான். இந்தப் படத்தில் மிக்கா லெவியின் இசை உண்டு. தொடக்கத்தில் திரை வெகுநேரம் இருட்டாகவே இருக்க அந்த இசை மட்டும் ஒலிக்கிறது. இனி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காதால் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று நம்மை உட்காரவைத்துச் சொல்வது போலிருந்தது. கைதி ஒருவர் எழுதிய பாட்டை ஒரு பெண் பியானோவில் வாசிக்கும் காட்சியும் உண்டு. பாட்டின் சொற்களை யாரும் பாடுவதில்லை. அவை எழுத்தாக மட்டும் திரையில் வருகின்றன.

இனி ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024). கொடைக்கானல் குணா குகையின் குழிக்குள் 2006-இல் ஒருவர் விழுந்து, நண்பர்களால் மீட்கப்பட்ட உண்மை நிகழ்ச்சியைச் சிதம்பரம் படமாக்கினார். விழுந்தவன் இறந்திருப்பான் என்று உள்ளூர்க்காரர்களும் காவலர்களும் முடிவு கட்டிவிட்டார்கள். மேலே நிற்கும் நண்பர்களோ அவன் பெயரைச் சொல்லி இருட்டுக்குள் கத்திக்கொண்டே இருக்கிறார்கள். நெடுநேரம் கழித்துக் கீழேயிருந்து மெல்லிய ஒரு குரல் வருகிறது. படத்தின் திருப்பமே அந்தக் குரல்தான்; அரங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக் காதை முன்னால் நீட்டியதைப் பார்த்தேன். உச்சக்காட்சியில் ‘கண்மணி அன்போடு காதலன்’ ஒலிப்பதைப் புகழ்ந்ததும் இதே காரணத்தால்தான். 1991-இல் வந்த ‘குணா’வின் அந்தப் பாட்டு இவர்களை அந்தக் குகைக்கு அழைத்துவந்த பாட்டு. இளையராஜா இசையில் வாலி எழுதியதை நாமும் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். இசையமைப்பாளர் அந்த நேரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட உணர்ச்சியாக அது இல்லை; அவர்களிடமும் நம்மிடமும் ஏற்கெனவே இருந்தது கயிற்றோடு சேர்ந்து மேலே வருகிறது. காதலுக்காக எழுதிய வரிகள் நட்புக்கு இவ்வளவு பொருந்தும் என்று 1991-இல் யாருக்கும் தோன்றியிருக்காது. முற்பாதியில் கூத்தடிக்கும் காட்சிகள் கொஞ்சம் நீளம்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பேய்ப்படம் கேட்டீர்கள். ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டு மலபாரில் உயிர் தப்பிக் காட்டில் ஓடிவரும் பாணன் ஒருவன், பாழடைந்த மனை ஒன்றில் அடைக்கலம் கேட்கிறான். மனையின் தலைவராக வரும் மம்மூட்டி அவனைப் பாடச் சொல்கிறார், சோறு போடுகிறார், பிறகு பகடையாட அழைக்கிறார். நம் ஆற்றுப்படைப் பாடல்களில் பசியோடு வழிநடக்கும் பாணனைப் புரவலனிடம் ஆற்றுப்படுத்துவார்கள். பாடினால் கள்ளும் ஊனும் பொற்றாமரையும் கிடைக்கும். இந்தப் படம் அந்த வழியிலேயே பாணனைக் கொண்டுபோய், புரவலனின் இடத்தில் ஒரு பூதத்தை உட்காரவைத்திருக்கிறது. பாட்டைக் கேட்டு மகிழும் அந்தக் காது எவ்வளவு பசியுடையது என்று முற்பாதியில் மம்மூட்டி தலையைச் சாய்த்துக் கேட்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவ்வளவு அருமையான தொடக்கத்துக்குப் பிறகு பிற்பாதியில் இசை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு முழங்குகிறது. அஞ்சவேண்டிய இடத்தை எனக்குச் சுட்டிக்காட்டத் தொடங்கியதும் என் அச்சம் போய்விட்டது. மம்மூட்டியின் சிரிப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்தத் தவற்றைச் செய்யாத பிரம்மாண்டப் படம் ஒன்று உண்டு: தகாஷி யமசாகியின் ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ (2023). இரண்டாம் உலகப்போரில் ஜப்பானின் தற்கொலைப் படையிலிருந்து உயிருக்கு அஞ்சித் திரும்பிவிட்ட விமானி ஒருவன், குண்டுவீச்சில் சாம்பலான டோக்கியோவில் வாழ முயல்கிறான். அங்கேதான் விலங்கு வருகிறது. ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து, காட்சி மாயங்களுக்கான ஆஸ்கரைப் பெற்றதால் எல்லாரும் அதன் காட்சிகளையே பேசினார்கள். நான் டோக்கியோவின் கின்சா தெருக் காட்சியில் வரும் அமைதியைச் சொல்வேன். விலங்கு நெருப்பை உமிழ்வதற்கு முன் முதுகு முட்கள் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் ஒலி கேட்கிறது, பிறகு வெடிப்பு, அதன் பிறகு, போரில் எல்லாம் இழந்த அந்த விமானியின் கதறல். 1954-இல் வந்த முதல் காட்ஜில்லாவின் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள்பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் நரம்புகளைத் தேய்த்து உருவாக்கினார். எழுபது ஆண்டுகளாக எத்தனையோ கணினிகள் வந்த பிறகும் அந்தப் பரம்பரையின் ஒலிக்கலைஞர்கள் அந்தத் தேய்ப்பை விட்டு வெகுதூரம் போகவில்லை.

விம் வெண்டர்ஸின் ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ (2023) பற்றி ஊரே எழுதிவிட்டதால் இரண்டு சொல் போதும். கோஜி யாகுஷோவின் முகத்துக்காக அதை எத்தனை முறையும் பார்க்கலாம். வேனில் அவர் ஓடவிடும் பழைய கேசட்டுகளைத் தவிரப் படம் தானாக நமக்கு எதையும் இசைப்பதில்லை என்பதும் பிடித்திருந்தது. ஆனால் அதில் வரும் கழிப்பறைகள், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் ஷிபுயா பகுதியில் வடிவமைத்த காட்சிப்பொருள்கள். மலக்குழியில் இறங்குகிறவர்கள் எந்தச் சாதியினர் என்று தெரிந்த நாட்டில் இருந்துகொண்டு, அந்த வேலையின் தியான அமைதியில் என்னால் முழுதும் கரைய முடியவில்லை.

மகனுக்கு முதலில் காட்ஜில்லாவைக் காட்டுங்கள். டப்பிங் வேண்டாம், ஜப்பானிய ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நீதிமன்றப் படத்தைப் பார்த்தால், அந்தப் பெண் குற்றவாளியா இல்லையா என்று நீங்கள் இருவரும் ஒரு வாரம் சண்டை போடலாம். கிளேசரின் படத்தைக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். நல்ல ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ இல்லாவிட்டால் அதைப் பார்த்ததாகவே ஆகாது. ‘கொட்டுக்காளி’யை இரவில், விசிறியை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை முயன்று பாருங்கள். அப்போதும் மகனுக்குச் சலித்தால் அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள். அதை வெளியிட்டுப் பதிலும் எழுதுகிறேன்.

அன்புடன்.