‘இதை எது தின்னும்?’ என்று கேளுங்கள்

கேள்வி: காரமடையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். புத்தகத்தை வைத்துக்கொண்டு காட்டு மரங்களை அடையாளம் காண முயன்று குழம்பியதுதான் மிச்சம். வனக்காவலர்களிடமே கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. யாரை அணுகுவது, எப்படிக் கேட்பது? இலை, காய்களைப் பறித்து வந்து பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். அங்கிருந்து எதையும் எடுத்து வருவது அடுத்த குற்றம். கீழே கிடக்கிற காய்தானே என்ற சமாதானம் எடுபடாது. பழங்குடி மக்கள் கடுக்காயும் நெல்லியும் சேகரிப்பது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்த உரிமை. அது நமக்குப் பொருந்தாது.

காக்கி போட்ட எல்லோரும் ஒரே வேலை பார்ப்பவர்கள் இல்லை. வனக்காப்பாளர், வனவர் எல்லாம் மாற்றலில் வந்து போகிறவர்கள். காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். உங்கள் பக்கம் அவர்களில் பலர் இருளர். பிறந்து வளர்ந்ததே அந்த மலையில்தான். ஆனால் அனுமதி தருவது அவர்கள் கையில் இல்லை. பள்ளிக் கடிதத்தோடு வனச்சரக அலுவலரைப் பாருங்கள். செக்போஸ்ட்டில் நிற்பவரிடம் தனியாகப் பணம் நீட்டி, “ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணா” என்று கேட்டால் போகப்போவது அவர் வேலை.

கடிதம், காத்திருப்பு எல்லாம் வேண்டாமென்றால் பரளிக்காடு பக்கத்திலேயே இருக்கிறது. பில்லூர் அணையோரம் ஊர் மக்களோடு சேர்ந்து வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா அது. பரிசலில் போய்வருவதோடு நிறுத்திவிடாமல் கூட வருபவரிடம் பேச்சுக் கொடுங்கள். வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ நடைபாதைகளிலும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டுகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள்.

சரி, எப்படிக் கேட்பது? “இதன் பெயர் என்ன?” என்று வரிசையாகக் கேட்டால் பெயர் வரும், அறிவு வராது. அந்தப் பெயரும் அடுத்த மலையில் வேறாக இருக்கும். “எதுக்கு மருந்து?” என்பது அதைவிட மோசமான கேள்வி. வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். “இதை எது தின்னும்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே மாறிவிடும். தடசு மரத்தில் யானை பட்டை உரித்த இடத்தைக் காட்டுவார். தடத்தில் கிடக்கும் கரடி எச்சத்தைக் குச்சியால் கிளறி, பளபளக்கும் தட்டையான விதைகள் சரக்கொன்றையுடையவை என்பார். பழம் எந்த மாதம் விழும், எந்தப் பள்ளத்தில் அந்த மரம் அதிகம் என்பதெல்லாம் தானாக வரும். அவர் நினைவில் செடிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

அப்புறம் கேட்கவேண்டியது, “இதையும் அதையும் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பீங்க?” சரக்கொன்றையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நீலகிரிக் காடுகளில் பரவிவிட்ட மஞ்சக்கொன்னையும் அதேபோல மஞ்சளாகத்தான் பூக்கும். ஆனால் சரக்கொன்றையின் பூங்கொத்து கீழே தொங்கும், மஞ்சக்கொன்னையுடையது நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றைக்குப் பெரிய சிற்றிலைகள், சில ஜோடிகளே. மற்றதற்குச் சிறியவை, ஜோடிகள் அதிகம். பூ இல்லாத காலத்திலும் மரம் பிடிபட வேண்டுமென்றால் பட்டையைப் பாருங்கள். கருமருதுப் பட்டை முதலைத் தோல்போல் வெடித்துக் கறுத்திருக்கும். வெக்காலி சாம்பல் வெளுப்பு, வழவழப்பு. வேங்கையை வெட்டினால் சிவப்பாகப் பால் வடியும் என்பது உண்மைதான். அதற்காகக் கத்தியை எடுத்துவிடாதீர்கள், வட்டச் சிறகு கொண்ட காயே போதுமான அடையாளம்.

வாயில் வைத்துப் பார்க்கும் பரிசோதனை எதுவும் வேண்டாம். செங்காந்தள் கிழங்கு ஆளைக் கொல்லும். சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் கொப்பளித்துவிடும். காவலர் “தொடாதீங்க” என்றால் காரணம் கேட்பதற்கு முன் கையை எடுத்துவிடுங்கள்.

பறிப்பதற்குப் பதில் படமெடுங்கள்: இலையின் இரு பக்கம், இலை காம்பில் அமர்ந்திருக்கும் விதம், பட்டை, பூ அல்லது காய். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனா. இடமும் தேதியும் அவர் சொன்ன பெயரும் நோட்டில் ஏறட்டும். அறிவியல் பெயருக்கு, கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தை அணுகலாம். வகுப்பில் கையில் கொடுத்துக் காட்ட, தோட்டத்துத் தேக்கின் தளிரே போதும். கசக்கினால் விரலெல்லாம் சிவக்கும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மருந்துச் செடி விவரம் எதையாவது காவலர்களே சொன்னால், கேட்காமல் யூடியூபில் போடாதீர்கள். 1987இல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குப் போன கேரள விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடி மக்கள் ஒரு காயைத் தின்றபடி களைக்காமல் நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவானபோது, உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. நீங்கள் மருந்து செய்யப்போவதில்லை. ஆனாலும் பாடக்குறிப்பு எழுதினால், அவர் சம்மதித்தால், சொன்னவர் பெயரையும் போடுங்கள். ஒரு பிரதி அவருக்கும் போகட்டும்.