ஒரே சர்க்கரைக்கு இத்தனை வாசல்கள் ஏன்?

கேள்வி: வீட்டில் பன் சுடுவது என் வழக்கம். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், ஈஸ்டில் சர்க்கரையை உள்ளே இழுக்கும் மரபணுக்கள் மட்டுமே இருபதுக்கு அருகில் உண்டு என்கிறாள். ஒரே வேலைக்கு இத்தனை எதற்கு? மாவில் சர்க்கரை கூடியதையும் குறைந்ததையும் அது எப்படி அறிகிறது?
- ஒரு வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: உங்கள் மகள் சொல்வது சரியே. ரொட்டி ஈஸ்டில் எச்எக்ஸ்டி1 முதல் எச்எக்ஸ்டி17 வரை பதினேழும், கேலக்டோஸுக்கு உரிய கேல்2 ஒன்றும் உள்ளன. வேலை ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் இயல்பு வேறு. முதலாவது மரபணு தரும் புரதம் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவதற்கே லிட்டருக்கு ஏறத்தாழ 18 கிராம் குளுக்கோஸ் வேண்டும். ஏழாவதற்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவே போதும். ஆகவே முன்னது சர்க்கரை மிகுந்த காலத்துக்கும் பின்னது பஞ்ச காலத்துக்கும் உரியவை.

உங்கள் இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். ஸ்னெஃப்3, ஆர்ஜிடி2 என்னும் இரு புரதங்கள் செல் சவ்வில் உள்ளன. உருவத்தில் இவை சர்க்கரையைக் கடத்தும் புரதங்களின் உடன்பிறப்புகள். ஆனால் சர்க்கரையை இவை கடத்துவதில்லை, வெளியே அது இருப்பதை உணர்ந்து உள்ளே செய்தி மட்டும் சொல்கின்றன. முன்னது குறைந்த அளவையும் பின்னது மிகுந்த அளவையும் உணர்கிறது. இவற்றில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால், சர்க்கரை சிறிதும் இல்லாதபோதும் 'இருக்கிறது' என்றே செய்தி போகும் என்பது 1996இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. உணவு உள்ளே போய்ச் செரிப்பதால் அல்ல, வாசலில் உணரப்படுவதால்தான் செய்தி பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அச்செய்தி எந்த மரபணுவையும் நேராகத் தட்டி எழுப்புவதில்லை. குளுக்கோஸ் இல்லாத வேளையில் ஆர்ஜிடி1 என்னும் ஒடுக்கிப் புரதம், எம்டிஹெச்1, எஸ்டிடி1 ஆகிய இரண்டின் துணையோடு அம்மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கிறது. செய்தி வந்ததும் துணைப் புரதங்கள் இரண்டும் சிதைக்கப்பட, ஆர்ஜிடி1 டிஎன்ஏவை விட்டு விலகுகிறது, பூட்டு திறக்கிறது.

சர்க்கரை மிகும்போது மிக்1 என்னும் மற்றோர் ஒடுக்கி, பஞ்ச காலத்துக்குரிய மரபணுக்கள் பலவற்றை மூடிவிடுகிறது. முன்பே சவ்வில் நிற்கும் ஏழாவது வகைப் புரதங்களும் உள்ளிழுக்கப்பட்டு, செல்லின் நுண்குமிழில் சிதைக்கப்படுகின்றன.

உங்கள் மாவிலும் இதுவே நடக்கிறது. நீங்கள் போடும் சர்க்கரையை ஈஸ்ட் முதலில் செல்லுக்கு வெளியிலேயே குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிளந்துகொள்கிறது. அது தீரும் வரை, மாவிலுள்ள மாவுச்சத்திலிருந்து பிறக்கும் மால்டோஸைக் கடத்தும் மரபணுக்கள் பல ஈஸ்ட் வகைகளில் அடங்கியே இருக்கும். தீர்ந்த பிறகே, சிறிது தாமதத்துடன், அவை வேலையைத் தொடங்குகின்றன.