அரிசி மூட்டையும் ஜெராக்ஸ் செலவும்

அன்புள்ள ஐயா,

எங்கள் மாவட்டத்தில் கொத்தடிமைகளை மீட்கும் சின்ன அமைப்பு ஒன்று இருக்கிறது. மொத்தமே ஆறு பேர். நண்பர் சொன்னதால் மூன்று வருடமாக மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பி வருகிறேன். போன வாரம் வருடக் கணக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பாதிக்கு மேல் சம்பளம். அப்புறம் பஸ், டீசல், வக்கீல், ஜெராக்ஸ். ஆமாம், ஜெராக்ஸுக்கென்றே தனியாக ஒரு வரி! அரிசி, பாத்திரம் என்று மக்கள் கைக்கு நேராகப் போனது பத்தில் இரண்டு பங்குகூட இல்லை. நிவாரணம் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டுப் போகலாமே, மனு, கேஸ், கலெக்டர் ஆபீஸ் என்று எதற்கு அலைய வேண்டும்? உரிமை என்று பேச ஆரம்பித்தாலே அரசியலும் வந்துவிடுகிறது. பணத்தை நிறுத்திவிட்டு நானே அரிசி வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் பழைய துணியும் நிறையக் கிடக்கிறது. உங்கள் கருத்து என்ன? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறீர்கள். நன்கொடை கொடுக்கிறவர்களில் அதைச் செய்பவர்கள் குறைவு, அதனால் உங்கள் கோபத்தின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் அந்த ஜெராக்ஸ் வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் வட மாவட்டம் ஒன்றில் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். செங்கல் சேம்பர், அதாவது சூளை ஒன்றிலிருந்து ஏழு இருளர் பழங்குடிக் குடும்பங்களைக் கூட்டி வந்திருந்தார்கள். நான் சும்மா நண்பரோடு போனவன். கல் அறுத்த கையோடு வந்திருந்ததால் முழங்கால் வரைக்கும் களிமண் காய்ந்து வெடித்திருந்தது. மணி ஒன்பது. பிள்ளைகள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு இருந்த ஒரு அம்மா முறை வந்ததும், “ஒண்ணும் வேணாம் சாமி, எங்கள அங்கயே கொண்டு போய் உட்டுடுங்க” என்றார். உங்களுடையது மாதிரியே ஒரு மீட்பு அமைப்பில் வேலை செய்யும் பெண் ஒருவர், முப்பது வயதிருக்கும், அவரிடம் எதுவும் பேசவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய் முப்பது பொட்டலம் சாம்பார் சாதமும் பாலும் வாங்கி வந்தார். எல்லாரும் சாப்பிட்டு, குழந்தை தூங்கி, பத்தரை மணிக்கு மேல்தான் அந்த அம்மா வாயைத் திறந்தார். நிவாரணம் தனி, உரிமை தனி என்று பிரிக்கிறீர்களே, அந்தச் சாம்பார் சாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அதிகாரி நல்ல மனிதர்தான், அலுத்துப்போயிருந்தார். “அடிச்சாங்களா? கட்டி வச்சாங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, மொதலாளி நல்லவருதான்.” அவர் பேனாவை மூடிவிட்டார். பின்னால் நின்ற இந்தப் பெண், “சார், நான் ஒண்ணு கேட்டுக்கலாமா?” என்றார்.

எவ்ளோ அட்வான்ஸ் வாங்கினீங்க? பதினஞ்சாயிரம். எப்போ? இது நாலாவது வருஷம். இப்போ பாக்கி? முப்பதுன்றாங்க. உங்கம்மா செத்தப்போ போனீங்களா? “அவரு மட்டும் போனாரு. நானும் புள்ளைங்களும் இங்கயே இருக்கணும்னுட்டாங்க.”

பேனா மறுபடியும் திறந்தது.

1976-இல் வந்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் விலங்கும் சங்கிலியும் கேட்கவில்லை. முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் கூலியில்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ உழைக்க வேண்டியிருக்கிறதா, வேறு இடத்தில் வேலைக்குப் போக முடியாதா, நினைத்த இடத்துக்குப் போய்வர முடியாதா என்றுதான் கேட்கிறது. இதில் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஏசியாட் விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். சட்டத்தின் 15-ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. ஆக சட்டத்தில் பெரிய குறையில்லை. அம்மா சாவுக்குப் போனீங்களா என்று கேட்க அந்த இடத்தில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்வி அவருக்கு ஒரே நாளில் வந்திருக்காது, எத்தனையோ வராந்தாக்களில் உட்கார்ந்து வந்தது. அந்த ஆளுக்குத்தான் நண்பரே, நீங்கள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விடிகாலையில் விடுதலைச் சான்றிதழ் கையெழுத்தாயிற்று. அந்த முப்பதாயிரம் ‘கடன்’ சட்டப்படி செத்துப்போயிற்று. போட்டோ எடுத்தார்கள், நானும் ஊருக்கு வந்துவிட்டேன். வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. உடனடி உதவியாக ஆளுக்கு 30,000 ரூபாய் வரைக்கும் அரசு தர வேண்டும். அதைத் தாண்டி மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். (1978-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது மொத்தமே 4,000 ரூபாய்.) ஆனால் அந்தப் பெரிய தொகையை, முதலாளி குற்றவாளி என்று தீர்ப்பு வருவதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். கேஸ் எதற்கு என்று கேட்டீர்களே, அது இதற்குத்தான். வாய்தா தேதி மறந்து சாட்சி வராமல் போனால் அந்தப் பணமும் தள்ளிப்போகும், இல்லையென்றால் வராமலே போகும்.

அந்த உடனடி உதவியை வாங்கவே பாஸ்புக் வேண்டும், பாஸ்புக்குக்கு ஆதார், ஆதாருக்கு முகவரி, முகவரிக்கு ஒரு வீடு. ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் எங்கே போவார்கள்? பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், அப்பாவுடையதைக் கொண்டு வா என்பார்கள். அப்பாவோ நாலு வயதில் அதே மாதிரி ஒரு சூளைக்குப் போனவர். ஒன்றரை வருடம் கழித்து அமைப்பின் அந்தப் பெண்ணை ஒரு தாலுகா அலுவலக வாசலில் பார்த்தேன். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஏழு பிளாஸ்டிக் கவர், ஒவ்வொன்றின் மேலும் ஸ்கெட்ச் பேனாவில் குடும்பத் தலைவியின் பெயர். தாலுகாவுக்கு ஒரு செட், வங்கிக்கு ஒரு செட், கலெக்டர் அலுவலகத்துக்கு, போலீஸுக்கு, கோர்ட்டுக்கு ஒவ்வொரு செட். அதில் பாதி, தொலைந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் கேட்கப்பட்டவை. உங்கள் ஜெராக்ஸ் வரி இதுதான். “அஞ்சு குடும்பத்துக்கு வந்துடுச்சு சார், ரெண்டு பேர் திரும்பப் போயிட்டாங்க” என்றார். தையில் சீசன் தொடங்குகிறபோது சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி புது அட்வான்ஸோடு வந்திருக்கிறான். கையில் காசில்லாத வீட்டில் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதனால் அரிசி வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால் வாராவாரம் அரிசிக்குக் காசு சேம்பர் முதலாளியும்தான் கொடுக்கிறார், கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு.

அரசியல் என்று பயப்படாதீர்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கொரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், அதில் அந்த மாவட்டத்தின் சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று அதே 1976 சட்டம்தான் சொல்கிறது. அரசாங்கம் நாற்காலி போட்டுக் கூப்பிட்டபின் போய் உட்காருவதா அரசியல்? அப்புறம் இன்னொரு விஷயம். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வாங்கிய பணத்தைப் பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் நின்றுபோனது. பெரியவர்கள் தாக்குப்பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேர் வைத்து நடத்துகிறவர்களுக்கு உள்ளூர் ஆயிரம் ரூபாய்கள்தான் மிச்சம்.

எல்லா அமைப்புக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அரிசி மூட்டையைவிடப் பேனர் பெரிதாக இருந்த கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். மீட்கப்பட்ட பெண்ணை மைக் முன்னால் நிறுத்தி அழவைத்ததைப் பார்த்துப் பாதியில் எழுந்தும் வந்திருக்கிறேன். உங்கள் ஆறு பேருக்கு ஒரு கடிதம் போடுங்கள். சம்பளம் யாருக்கு எவ்வளவு என்று கேளுங்கள், ஒருவரே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால் கோபப்படுங்கள். மூன்று வருடம் முன்பு மீட்டவர்களில் எத்தனை பேருக்குப் பணம் வந்தது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்றும் கேளுங்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று பதில் வந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய துணி வேண்டாம். அன்று ராத்திரியும் யாரோ புண்ணியவான் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். பிரித்தால் மேலேயே கல்யாண கோட்டு ஒன்று, பேண்ட் இல்லாமல். அந்தக் கைக்குழந்தையை அதன் மேல்தான் படுக்கவைத்திருந்தார்கள். கண்டிப்பாக ஏதாவது பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஏ4 பேப்பர் வாங்கிக் கொடுங்கள், ரெண்டு பண்டல்.