சொல் மேடை: ஒத்து ஊதலாமா, தோள் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்க மலரில் துணைத் தலைவரைப் பாராட்டி, 'பத்து ஆண்டுகளாகத் தலைவருக்கு ஒத்து ஊதியவர்' என்று எழுதினேன். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். அதிலிருந்து அவர் எனக்கு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. என்ன தவறு?
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: அவர் வருத்தம் நியாயமானது. ஒத்து என்பது நாகஸ்வரத்துக்குச் சுருதியாக ஊதப்படும் குழல். பார்வைக்கு நாகஸ்வரம் மாதிரியே இருக்கும்; ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கத்துத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். நாகஸ்வரக்காரர் தோடி ராகம் வாசித்தாலும் கல்யாணி ராகம் வாசித்தாலும் ஒத்துக்காரர் அதே ஒரு ஸ்வரத்தை மூச்சு அறுபடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண உழைப்பில்லை. பேச்சு வழக்கோ அந்த உழைப்பை விட்டுவிட்டு, 'ஒரே ஸ்வரம்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. பெரியவர் எதைச் சொன்னாலும் சொந்தக் கருத்தில்லாமல் ஆமாம் போடுகிறவரைத்தான் ஒத்து ஊதுகிறார் என்கிறோம். பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்துவிட்டதால் இன்று கருவி கண்ணில் படுவதில்லை, வசவு மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த மலரில் திருத்தி எழுதுங்கள். நீண்ட காலம் கூடவே நின்றவர் என்றால் 'பக்கபலமாக இருந்தார்', 'உறுதுணையாக இருந்தார்'. ஒரு பாரத்தைப் பகிர்ந்துகொண்டார் என்றால் 'தோள் கொடுத்தார்'. இக்கட்டான நேரத்தில் உதவினார் என்றால் 'கைகொடுத்தார்'. இது மனிதருக்கு மட்டுமல்ல, 'இந்த வருஷம் மழை கைகொடுத்தது' என்றும் சொல்லலாம். 'ஒத்துழைத்தார்' என்பதிலும் பழுதில்லை, அங்கே 'ஒத்து' என்றால் ஒன்றுபட்டு என்று பொருள். 'முட்டுக் கொடுத்தார்' மட்டும் வேண்டாம். சாயும் சுவருக்குக் கட்டை வைப்பதுதான் அதன் நேர்ப்பொருள். ஆனால் இப்போது அரசியல் பேச்சில், தப்பு என்று தெரிந்தும் தாங்கிப் பேசுவதற்கே அது பயன்படுகிறது.

கேள்வி: ஜால்ரா அடிப்பதும் சிங்கி அடிப்பதும் ஒன்றா?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: இரண்டும் கைத்தாளக் கருவிகள்தான். ஜால்ரா அடிப்பது என்றால் காரியம் ஆகப் புகழ்வது. சிங்கி அடிப்பதையும் சிலர் அந்தப் பொருளில் சொல்வதுண்டு. ஆனால் 'சோத்துக்குச் சிங்கி அடிக்கிறான்' என்றால் வறுமையில் அல்லாடுகிறான் என்று பொருள். முன்னால் என்ன சொல் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மார்கழிக் கச்சேரிகளில் வயலின், மிருதங்கம் வாசிப்பவர்களைப் 'பக்கவாத்தியம்' என்கிறோம். அது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகாதா?
- திருவல்லிக்கேணி வாசகி

பதில்: ஆகாது. பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவர் என்பதே பொருள், கீழே அமர்ந்தவர் என்பதல்ல. ராக ஆலாபனையில் பாடகரை நிழல்போலத் தொடரும் வயலின்காரர், பாடகர் நிறுத்தியதும் அதே ராகத்தைத் தன் போக்கில் வாசிக்கிறார். மிருதங்கக்காரருக்கு, பாட்டு நின்று தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் இருக்கிறது. கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவற்றை உபபக்கவாத்தியம் என்பார்கள். சென்னை மியூசிக் அகாடமியின் 'சங்கீத கலாநிதி' விருது 1941-இல் வயலின் கலைஞர் துவாரம் வெங்கடசாமி நாயுடுவுக்கும், 1966-இல் மிருதங்கக் கலைஞர் பாலக்காடு மணி ஐயருக்கும் கிடைத்தது.

பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை மரியாதைதான். கச்சேரிக்கு வெளியே, 'அவன் பேசினா இவன் பக்கவாத்தியம் வாசிப்பான்' என்று வினையோடு சேர்த்துவிட்டால் குத்தல் வந்துவிடும். தெருக்கூத்தின் 'பின்பாட்டு'க்கும் இதே கதிதான். 'தனி ஆவர்த்தனம்' இன்னொரு பக்கம் போயிற்று: யாரையும் கலக்காமல் தானே எல்லாம் செய்கிறவரை, 'தனி ஆவர்த்தனம் பண்ணுகிறார்' என்கிறோம்.

கேள்வி: 'டெபுடி மேனேஜர்' என்பதற்கு விசிட்டிங் கார்டில் 'துணை மேலாளர்' என்று போட்டேன். 'துணை' தாழ்வாகத் தொனிக்கிறது, மாற்றுங்கள் என்கிறார் அதிகாரி.
- அம்பத்தூர் வாசகி

பதில்: மாற்றாதீர்கள். 'துணை'யைத் தாழ்வான சொல்லாக நினைப்பது அண்மைக் காலத்து மயக்கம். கல்யாணப் பத்திரிகை உச்சியில் 'முருகன் துணை' என்று அச்சிடுகிறோம். அங்கே துணை கடவுள். திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே துணை நம்மைவிடப் பெரியவர். எழுத்திலும் பாருங்கள், 'பால்' என்பதில் துணைக்காலை எடுத்துவிட்டால் 'பல்' ஆகிவிடும்!

பதவிப் பெயர்களில் வரிசை முக்கியம். சென்னைக் காவல்துறையில் ஆணையருக்குக் கீழே கூடுதல் ஆணையர், இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று இறங்கும். 'துணை'யும் 'உதவி'யும் ஒன்றென்று நினைத்து மாற்றிப் போட்டால் ஒருவரைப் பதவியிறக்கம் செய்ததாகிவிடும். அடுத்து வருவது க, ச, த, ப வரிசை எழுத்தானால் ஒற்று மிகும்: துணைத் தலைவர், இணைச் செயலாளர், உதவிப் பேராசிரியர். உங்கள் 'துணை மேலாளர்' சரியே, ஒற்று வேண்டாம்.

கேள்வி: எடுபிடி, கையாள், அல்லக்கை: என்ன வேறுபாடு?
- ராயபுரம் வாசகர்

பதில்: எடுபிடி சில்லறை வேலைக்கு. கையாள் இன்னொருவர் சொல்வதை மறைவாகச் செய்து முடிப்பவர். செய்தித்தாளில் பெரும்பாலும் குற்றத்தோடு வரும். அல்லக்கை சென்னைத் தெருவில் புழங்கும் ஏச்சு. கதையில் உரையாடலுக்குச் சரி, கட்டுரைக்கு வேண்டாம்.

கேள்வி: 'உப்புக்குச் சப்பாணி' என்பது சரியா?
- பெரம்பூர் வாசகி

பதில்: 'ஒப்புக்கு' என்பதே சரி, பேருக்கு என்று பொருள். விளையாட்டில் அழும் சின்னப் பிள்ளையைக் கணக்கில் வைக்காமல் சேர்த்துக்கொள்வதிலிருந்து வந்தது. சப்பாணி என்பது நடக்க இயலாதவரைக் குறிக்கும் சொல்லாகையால் எழுத்தில் அதை விட்டுவிடுங்கள். 'ஒப்புக்கு வந்து உட்கார்ந்தார்' என்றாலே போதும்.